தாளில் இல்லாத கூடை

பிள்ளைகளா,

நம்ம வீட்டுக் காம்பராச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதில் நாலு படம் இருக்கும். தேயிலைக் கொழுந்துக் கூடை, அம்மி, ரொட்டிக்கல், உருளைக்கிழங்கு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வெறும் கட்டம். சின்னவள் ஒருநாள் அதைப் பார்த்து, "அப்பா, இது கடைக்குப் போற லிஸ்டா?" என்று கேட்டாள். அம்மா சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள். நானும் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். அந்தத் தாளில் என்னுடைய தப்பு ஒன்று இருக்கிறது. அதனால்தான் அன்றைக்கு வாய் வரவில்லை.

முதலில் பாதையைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அந்தப் பாதைதான் எல்லாம்.

சின்னவள் பிறந்த அன்று விடியற்காலையில் இருந்தே நல்ல மழை. ஆம்புலன்ஸ் கீழே பாலத்தடியோடு நின்றுவிட்டது. அங்கிருந்து, காம்பரா காம்பராவாக வரிசைவீடு கட்டியிருக்கிற நம்ம லயம் வரைக்கும் சேறும் குழியும்தான். பக்கத்துக் காம்பரா மாமாமார் மூன்று பேரும் நானும் அம்மாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பாதி வழியில் எனக்குக் கால் வழுக்கி, நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. அம்மா கத்தவில்லை. என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, "பார்த்துங்க" என்று மட்டும் சொன்னாள். பதுளை ஆஸ்பத்திரியில் சின்னவள் நல்லபடியாகப் பிறந்தாள். ஆனால் அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தால் அம்மா கொஞ்சம் நின்றுதான் போவாள். நீங்கள் முன்னால் ஓடிவிடுவதால் கவனித்திருக்க மாட்டீர்கள்.

பாதையைச் செய்து தரச் சொல்லி யாரிடம் கேட்பது? பிரதேச சபையில் கேட்டால், "அது தோட்டத்துப் பாதை, எங்க வேலை இல்ல" என்பார்கள். தோட்டத்து ஆபீசில் கேட்டால், "பார்ப்போம்" என்பார்கள். அந்தப் பார்ப்போம் எத்தனை மழையைப் பார்த்தது என்று எனக்குத் தெரியாது. அப்புறம் சட்டம் மாறி, தோட்டத்துக்குள்ளேயும் பிரதேச சபை வேலை செய்யலாம் என்று வந்தது. அந்தச் செய்தி நம்ம லயத்துக்கு ஏறி வரவே வெகுநாள் ஆனது.

அதைக் கொண்டுவந்து சொன்னவர்கள் பதுளையில் இருந்து வந்த ஒரு சின்னக் குழு. எந்தக் கட்சியிலும் இல்லாத ஆட்கள். ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா, பஜாரில் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி, இன்னும் இரண்டு மூன்று பேர். சனிக்கிழமைகளில் அந்தக் கடையின் மேல்மாடியில் கூடுவார்கள். பிரதேச சபைத் தேர்தல் வரப்போகிறது, யாருக்குப் போடுவது என்று சொல்ல மாட்டோம், எப்படிப் போடுவது, போடுவதற்கு முன்னால் என்ன கேட்பது, அதை மட்டும் சொல்லித் தருவோம் என்றார்கள். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டங்களில் ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒரு ஆள் தேடினார்கள். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், எந்தத் தொழிற்சங்கத்திலும் கட்சியிலும் பதவி இருக்கக் கூடாது. நம்ம டிவிஷனில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆம்பளைகளில் பதவி இல்லாதவன் நான் ஒருத்தன்தான் மிஞ்சினேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்குக் கிடைத்த மரியாதை அப்படி.

அதுவரைக்கும் நம்ம லயத்தில் ஓட்டுப் போடுவது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். நம்ம லயத்துக்கு வீட்டு இலக்கம் கிடையாது, தெருப் பேர் கிடையாது. தபால் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். வாக்காளர் அட்டைகளும் அப்படித்தான், ஒரே கட்டாக வரும். அதைச் சங்கத்துத் தலைவர் வாங்கிவந்து, சாயங்காலம் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக் கொடுப்பார். அட்டையோடு இன்னொரு சின்னத் தாளும் கொடுப்பார். அதில் ஒரு படம் இருக்கும். "இதுக்குத்தான்" என்பார். வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். அவர் கெட்டவர் இல்லை. உங்கள் அம்மாவைத் தூக்கிய நாற்காலி அவர் வீட்டு நாற்காலிதான். ஆனால் படம் காட்டினால் அதுக்குப் போடு என்று அர்த்தம், இது எங்களுக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. நான்தான் அதை நினைத்துப் பார்க்காமல் விட்டேன்.

பயிற்சி வகுப்பை ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளை மடுவத்தில் வைத்தேன். அம்மாமார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற கட்டடம் அது. தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு அட்டைப்பெட்டியை வாக்குப்பெட்டியாக வைத்து, பழைய சேலை ஒன்றைத் திரையாகக் கட்டினேன். மாதிரி வாக்குச்சீட்டு வேண்டுமே. டீச்சரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "உண்மையான சின்னம் ஒண்ணுகூட அதுல இருக்கக் கூடாது. இருந்தா அந்தக் கட்சிக்கு ஆள் சேர்க்கிறீங்கன்னு மறுநாளே கதை வரும்." அதனால் இந்தத் தேர்தலில் யாருக்கும் இல்லாத நாலு சாமானாகப் பார்த்து நானே வரைந்தேன். அதுதான் சுவரில் இருக்கிற தாள்.

கூடை நன்றாக வந்தது. அம்மாவின் கூடைக்கு எத்தனை தடவை பிரம்பு மாற்றிக் கட்டியிருக்கிறேன், கை தானாக வரைந்துவிட்டது. உருளைக்கிழங்குதான் மானத்தை வாங்கியது.

"அண்ணே, இது என்ன கல்லா?" என்று கேட்டாள் அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து பறிக்கும் தங்கச்சி.

"உருளைக்கிழங்கும்மா."

"உருளைக்கிழங்கு போடுற வெலிமடைக்காரங்க பார்த்தா உங்கமேல கேஸ் போடுவாங்க."

மடுவமே சிரித்தது. சீட்டைத் தொடப் பயந்தவர்களுக்கும் பயம் போனது. முதல் நாளில் ஒருத்தர் இரண்டு கட்டத்தில் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி போட்டார். இன்னொருத்தர் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் எழுதினார். வேறு தேர்தலில் அப்படி எழுதிய பழக்கம். "இதுக்கு ஒரே ஒரு புள்ளடி. ஒரு கட்டத்துல. வேற எதுவும் எழுதினா செல்லாது" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டியது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு தாள்கூடச் செல்லாமல் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் கூடைதான் ஜெயித்தது. கடைசிக் காம்பராப் பெரியம்மா, வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், அவர்தான் முன்வரிசை. "கூடை நம்ம முதுகுல இருக்கிற சாமான்டா தம்பி. அதைவிட்டு எவனாவது அம்மிக்குப் போடுவானா?" என்பார். எனக்கு ரொம்பப் பெருமை. நான் வரைந்த படமாயிற்றே.

தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, எங்கள் வட்டாரத்தில் நிற்கிறவர்கள் எல்லோரையும் குழு ஒரே நாளில் கோயில் திடலுக்குக் கூப்பிட்டது. நாலு பேரைக் கூப்பிட்டோம், மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரையும் ஒரே வாங்கில் உட்கார வைத்தோம். மாலை கிடையாது, கோஷம் கிடையாது, எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம். டீச்சரம்மா கையில் மணிக்கூட்டோடு நின்றார். கேள்வி கேட்க யாரும் எழும்பவில்லை. அப்போது பின்னால் இருந்து உங்கள் அம்மா எழும்பினாள். கூடக் கொழுந்து பறிக்கும் அந்தத் தங்கச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"பாலத்துல இருந்து எங்க லயத்துக்கு வர்ற பாதை. அதைச் செய்வீங்களா? எப்ப செய்வீங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். கேட்டுவிட்டு உடனே உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தர் நிச்சயமாகச் செய்வேன் என்று நெஞ்சில் கை வைத்தார். இன்னொருத்தர், பாதைக்கு முன்னால் வாய்க்கால் வெட்டாவிட்டால் அடுத்த மழையில் அடித்துக்கொண்டு போய்விடும் என்றார். மூன்றாமவர், "எவ்வளவு தூரம்மா அது?" என்று திருப்பிக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் வேலை முடிந்து வரும்போது அம்மா பாலத்தடியில் இருந்து லயம் வரைக்கும் காலடியால் அளந்துகொண்டு வந்தாள். இடையில் யாரோ பேச்சுக் கொடுத்ததால் எண்ணிக்கை தப்பிவிட்டது என்று திரும்பவும் கீழே இறங்கிப் போய் முதலில் இருந்து எண்ணினாள். கணக்கை உன்னுடைய பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்தான் எழுதி வைத்தாள், பெரியவளே. நீகூடச் சண்டை போட்டாய்.

வீட்டில் நான் தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குழுவில் சேர்ந்தபோது அப்படிச் சத்தியம் பண்ணியிருந்தேன். அம்மா இரண்டு மூன்று தடவை கேட்டாள்.

"ஏங்க, நீங்க எதுக்குப் போடப் போறீங்க?"

"அதைச் சொல்லக் கூடாது."

"எங்கிட்டகூடவா?"

"யாருகிட்டயும்."

"கறிக்கு உப்பு பத்தலைன்னு நாலு வீட்டுக்குக் கேக்குற மாதிரி சொல்லத் தெரியுது. இது சொல்லக் கூடாதாக்கும்."

அவள் கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். இல்லை, அவள் வேறு கணக்குப் போட்டிருக்கிறாள். அது எனக்குத் தேர்தல் அன்றுதான் தெரிந்தது.

தேர்தல் நாளன்று தோட்டத்தில் மத்தியானம் வரைக்கும்தான் வேலை. பெண்கள் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஓட்டுப் போடலாம். வாக்கெடுப்பு பின்னேரம் நாலு மணிக்கு முடியும். நான் வேலை செய்கிற தேயிலை பக்டரியில் லீவு எடுத்து, காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு வந்து லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். கடைசிக் காம்பராப் பெரியம்மா பள்ளிக்கூடத்தில் இருந்து மெதுவாக ஏறி வந்தார். வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். சுண்டுவிரலில் மை.

"போட்டாச்சா பெரியம்மா?"

"எங்க போட்டேன்? கூடையே இல்லையேப்பா."

எனக்குப் புரியவில்லை. பெரியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"மேல இருந்து கீழ வரைக்கும் பார்த்தேன். கீழ இருந்து மேல பார்த்தேன். என்னென்னமோ படம் இருக்கு. கூடை இல்ல. அம்மி இல்ல. அந்தக் கல்லுகூட இல்ல. உள்ள இருந்த ஐயாகிட்டக் கேக்கலாம்னா, பேசக் கூடாதுன்னு நீதானே சொல்லிக் கொடுத்த. மடிச்சு அப்படியே பெட்டியில போட்டுட்டு வந்துட்டேன்."

"வெறுந்தாளாவா?"

"வெறுந்தாளாத்தான். வேற எதுலயாவது கீறினா தப்பாயிடுமேன்னு."

பிள்ளைகளா, அவர் ஒரு நாளும் ஓட்டைத் தவற விட்டவர் இல்லை. யாரோ சொன்ன சின்னத்துக்குப் போட்டாலும், அவர் போட்டது அத்தனையும் எண்ணப்பட்ட ஓட்டு. சொல்லிக் கொடுக்கிறேன் என்று நான் வந்த பிறகுதான் அவருடைய ஓட்டு இல்லாமல் போனது. படம் எல்லாம் பழகுவதற்கு மட்டும் என்று முதல் நாள் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். சொன்னேனா, மனதுக்குள் நினைத்துக்கொண்டேனா, இப்போதுகூட நிச்சயமாகத் தெரியவில்லை.

டீச்சரம்மாவுக்குப் போன் எடுத்தேன். "டீச்சர், எங்க ஆளுங்க கூடையைத் தேடுறாங்க" என்றேன். "பொம்பளைங்க இன்னும் போகலையா?" என்று கேட்டார். மலையில் இருக்கிறார்கள் என்றேன். "அப்ப உடனே மலைக்குப் போங்க. பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதீங்க. கூடை அங்க இருக்காதுன்னு மட்டும் சொல்லுங்க. என்ன இருக்குன்னு உங்க வாயால சொல்லக் கூடாது. விளங்குதா?"

விளங்கியது. ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கொழுந்து மடுவத்தில் பெண்கள் நிறுவைக்கு வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை ஐயாவிடம் இரண்டு நிமிசம் கேட்டேன். "ஓட்டு விசயம்னா எனக்கு எதுக்கு வம்பு" என்று அவர் தராசைப் பார்த்துக்கொண்டார். நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"இன்னைக்குக் கொடுக்கிற தாள்ல கூடை இருக்காது. அம்மி, ரொட்டிக்கல், உருளைக்கிழங்கு ஒண்ணுமே இருக்காது. அது நான் பழகுறதுக்கு வரைஞ்சது. அங்க இருக்கிறதுல உங்களுக்குச் சரின்னு படுறதுக்கு நீங்களே ஒரு புள்ளடி போடணும்."

அந்தத் தங்கச்சிதான் முதலில் கேட்டாள், "அப்ப கூடை உங்க கட்சி இல்லையா அண்ணே?"

"எனக்கு ஏதும்மா கட்சி?"

"நாங்க எல்லாம் நீங்க கூச்சப்பட்டுச் சொல்லாம காட்டுறீங்கன்னுல்ல நினைச்சோம். மத்த மூணையும் ஏனோதானோன்னு வரைஞ்சுட்டு கூடையை மட்டும் அவ்வளவு வடிவா வரைஞ்சிருந்தீங்க."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை நிமிர்த்தவில்லை. அவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். திடலில் எழும்பி நின்று கேட்டவள், பாதையை இரண்டு தடவை அளந்தவள், கடைசியில் புருசன் வாய்விட்டுச் சொல்லாமல் காட்டிய கூடைக்குப் போடத்தான் இருந்திருக்கிறாள்.

லயத்துக்கு வந்து கை கால் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு இறங்கினாள். நானும் கூடவே பாலம் வரைக்கும் போனேன். நிறுவை இழுத்ததில் நேரம் மூன்று தாண்டிவிட்டது. அந்தச் சறுக்கல் இடத்தில் எப்போதும் போல நின்றாள்.

"இப்பவாவது சொல்லுங்க. எதுக்குப் போடட்டும்?"

சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? என் மனதில் ஒருத்தர் இருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் போய்ப் போட்டுவிட்டு வந்திருப்பாள். பாதைக்கு ஒரு ஓட்டு கூடியிருக்கும் என்றுகூட நினைத்தேன். வாயைத் திறந்தும் விட்டேன். அதற்குள் காலையில் பெரியம்மா மை விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்ணுக்குள் வந்தது.

"அந்த மூணு பேரும் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"ஏன் இல்லாம? ஒருத்தர் நெஞ்சுல கை வச்சார். ஒருத்தர் வாய்க்கால்னார். ஒருத்தர் தூரம் கேட்டார், ஆனா அளந்து வச்சதை வாங்க இன்னைக்கு வரைக்கும் வரல. வராத நாலாவது ஆளு, தலைவர் கொடுத்த தாள்ல இருக்கிறவர்." எதிரே மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எல்லாம் ஞாபகம் இருக்கு."

"அப்புறம் நான் என்னத்தைச் சொல்ல?"

"சரி, நீங்க பாலத்தோட நில்லுங்க. கூட வராதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பாலத்தடியில் நின்றுகொண்டே இருந்தேன். அந்த நேரம் எனக்கு நீளமாகிவிட்டது. உள்ளே அவள் விரலைப் பார்த்து அதிகாரி ஒருத்தர் சந்தேகப்பட்டாராம். கொழுந்துக் கறையில் பத்து விரலும் கறுத்திருக்க, முன்னமே மை பூசியிருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மா இரண்டு கையையும் விரித்துக் காட்டியிருக்கிறாள். "இது தோட்டத்து மைங்க, ஐயா. உங்க மையை இதுக்கு மேல பூசுங்க" என்றாளாம். அவரும் சிரித்துக்கொண்டு, சுண்டுவிரலில் கறை குறைவான இடமாகத் தேடிப் பூசியிருக்கிறார். இவ்வளவையும் வரும்போதே சொன்னாள். மிச்சத்தைச் சொல்லவில்லை.

"ஒரே ஒரு புள்ளடிதானே?" என்று கேட்டேன்.

"ஒரே ஒண்ணு."

"கட்டத்துக்குள்ளதானே?"

"கட்டத்துக்குள்ளதான். வெளியில வந்துடுமோன்னு பயந்து சின்னதாப் போட்டேன்." கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, "யோசிச்சுட்டு நின்னேங்க. யாரும் சீக்கிரம் போடுன்னு சொல்லல" என்றாள்.

அன்று சாயங்காலம் பெரியம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி கொடுத்தார். சீனி போடாமல்தான் கொடுத்தார், அதுதான் எனக்குத் தண்டனையாம். "அடுத்த தடவை அந்தத் தாளை எடுத்துட்டு வா. நான் முன்னாடி நின்னு சொல்றேன், இது ஒண்ணும் அங்க இருக்காதுடின்னு. நீ சொன்னா எவளும் நம்ப மாட்டா" என்றார். தாளைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது அதற்காகத்தான். அதன் மேல்பக்கம் சிவப்பு எழுத்தில் 'இந்தப் படங்கள் வாக்குச்சீட்டில் இருக்காது' என்று எழுதியிருப்பதும் அவர் சொல்லித்தான். அவருக்கு அந்த எழுத்தை வாசிக்க முடியாது. எழுதிவிட்டேனா என்று இரண்டு தடவை ஆளனுப்பிக் கேட்டார்.

பாதை இன்னும் முழுதாக வரவில்லை. பாலத்தில் இருந்து அந்தச் சறுக்கல் இடத்துக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் கல் பரப்பியிருக்கிறார்கள். மிச்சத்துக்கு அம்மா போய்க் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், உன் கொப்பித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு.

அம்மாவின் விரல் மை போக நாள் ஆனது. கறையோடு கறையாக எது மை எது கொழுந்து என்று தெரியாமல் கலந்துவிட்டது. சாப்பாடு பரிமாறும்போது அந்த விரலைப் பார்ப்பேன். யாருக்குப் போட்டாள் என்று கேட்கத் தோன்றும். நான் பார்ப்பதை அவளும் பார்ப்பாள்.

"உப்பு சரியா இருக்கா?" என்று கேட்பாள்.

"சரியா இருக்கு" என்பேன்.